போல்ட் இல்லாத துவக்கு

பழைய வேட்டைத் துவக்குகளுக்கு மதிப்புச் சொல்கிறவனைக் கலியாண வீட்டில் யாரும் பக்கத்துக் கதிரைக்குக் கூப்பிடுவதில்லை. கணக்காளர், நேர்ஸ், கம்பியூட்டர்காரர் என்று மேசையில் ஒவ்வொருவராகத் தொழிலைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். என் முறை வந்ததும் பேச்சு அறுந்துபோகும். யாராவது ஒருவர், "பருப்புக்கறி நல்லா இருக்கு, என்ன?" என்பார். எல்லோரும் பருப்புக்கறியைப் பார்ப்பார்கள்.

மெல்பனில் ஸ்பிரிங்வேலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு டயர்க் கடைக்கும் மீன் பொரிக்கிற கடைக்கும் நடுவே இருந்தது அந்தத் துவக்குக் கடை. எண்பத்தெட்டில் அங்கே சேர்ந்தேன். அதற்கு முன், இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்த புதிதில், கிளேட்டனில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் வேலை. "அங்கை துவக்குக்குப் பயந்து ஓடினவன், இஞ்சை துவக்குத் துடைக்கிறான்" என்று என் மச்சான் காண்கிற எல்லோரிடமும் சொன்னான். பிணவறையிலும் மனநல வார்டிலும் விபத்துக் கார்களை உடைக்கிற முற்றங்களிலும் வேலை செய்கிறவர்களே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்று சொல்கிற ஆட்கள் நாம்.

நாக்கு

கடை முதலாளி கென். ஐம்பதைத் தாண்டியவர், கையில் எப்போதும் ஒரு துணி வைத்திருப்பவர். கடையில் அவரும் நானும் மட்டும்தான். எங்களிடம் வந்தவை பெரும்பாலும் ஐரோப்பாவில் செய்த பழைய வேட்டைத் துவக்குகள். குழலுக்குப் பின்னால், கையால் திருப்பி இழுக்கிற இரும்புத் தண்டு ஒன்று அவற்றில் இருக்கும். அதுதான் போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளுவதும் பூட்டுவதும் ஊசியால் அடிப்பதும் அதன் வேலை. அதை உருவிவிட்டால் மிஞ்சுவது ஒரு குழாயும் கொஞ்சம் மரமும். செய்தவர்கள் துவக்கிலும் அதன் போல்டிலும் ஒரே எண்ணை வெட்டியிருப்பார்கள். சேகரிக்கிறவர்களுக்கு அந்த எண் சோடி சேர்ந்திருக்கவேண்டும். வேறு போல்ட் போட்ட துவக்கை அவர்கள் செத்தவீட்டில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. துவக்கு உள்ளே வந்ததும் போல்டைக் கழற்றிவிட வேண்டும். துவக்குகள் சுவரோடு நிற்கும். போல்டுகள் மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சியில் பச்சைத் துணியில் கிடக்கும். சேர்ந்த புதிதில் ஒருநாள், சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒன்றைக் கழற்ற மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கென் உள்ளே போகாமல் வாசலில் நின்றார். சுவரில் துவக்குகள் ஒன்றையொன்று உரசாமல் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் போல்ட் பக்கமும் சுவரை நோக்கித்தான் இருந்தது. எது என்று நான் சொல்வதற்குள் கென் விரலை நீட்டிவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கதவைத் திறந்ததும் அது என்னைப் பார்த்தது, சிவா. நாக்கைக் கழற்றும்வரை இதுகள் தூங்காது."

கோப்பை துடைக்கிற துணி

தொண்ணூற்றொன்றில், குளிர்காலத்து முற்பகல் ஒன்றில் பூமணி அன்ரி கடைக்குள் வந்தார். ரோவிலில் இருப்பவர். கோயிலில் கண்டால் சிரித்துக்கொள்கிற பழக்கம் மட்டும் இருந்தது. கென் பின்னறையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து கோப்பை துடைக்கிற துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அது உருளாமலிருக்க ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு போல்ட்.

"அங்கிளின்ர துவக்கில இருந்தது. அவருக்குத் தெரியாது" என்றார்.

ராசநாயகம் அங்கிளை எனக்குத் தெரியும். இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர். இங்கும் அதே வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெல்பன் தமிழரில் வேட்டைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான் என்பார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் அவர்களுடைய ஒரே மகன் ரமணன் கார் விபத்தில் இறந்துபோனான்.

"எழும்புறார், சாப்பிடுறார், பேப்பர் பாக்கிறார், எல்லாம் செய்யிறார். பிறகு கராஜுக்கை போய் அதை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டா, 'வாறன்' எண்டுறார். முந்தநாள், 'நான் இல்லாட்டி நீ தங்கச்சி வீட்டில இருக்கலாம்தானே பூமணி' எண்டு கேட்டவர். கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேக்கிற மாதிரிக் கேட்டவர்."

டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டுகிறார்களாம், மாத்திரையும் எடுக்கிறாராம். போலீசுக்குச் சொல்லலாமே என்றேன்.

"அவங்கள் யூனிஃபோமோட வந்து பறிச்சா, அந்த வெக்கத்திலேயே மனிசன் போயிடும். ஒரு துண்டு காணாமப் போனா, அதைத் தேடிக்கொண்டெண்டாலும் இருப்பார்."

கென் உரிமம் வைத்திருக்கிற வியாபாரி. அவர் காதில் விழுந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அதனால் அவருக்குச் சொல்லவில்லை. போல்டை லாச்சியில் மற்றவற்றுக்குப் பின்னால், கென் கை விடாத மூலைக்குத் தள்ளி வைத்தேன். அன்ரி துணியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவர் தேடிக்கொண்டு இங்கை வருவார். இல்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. என்ர முகத்தைப் பாத்தாப் பிடிச்சிடுவார். உங்கட முகத்தில ஒண்டுமே தெரியாது."

குழலின் மறுமுனை

அங்கிள் அடுத்த கிழமையே வந்தார். துவக்கை உறையோடு தோளில் சாத்தி, அளவைக் கருவியின் முக்காலியைக் கொண்டுவருகிறவர் போல வந்தார். உறையை நீக்கியதும் துவக்கை யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். வால்நட் மரத்தில் புகை சுழல்வது போன்ற ரேகைகள். தூக்கிப் பிடிக்கிற இடத்தில் மட்டும் இரும்பின் நீலம் தேய்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு உள்ளங்கை தெரிந்தது.

இப்படியான துவக்குக்கு மதிப்புச் சொல்லும்போது முதலில் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்ப்போம். போல்ட் இல்லாததால் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. உட்சுவரின் சுருள் கோடுகள் ஒரு புள்ளித் துருவும் இல்லாமல் சுழன்று சுழன்று போய், தொலைவில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டத்தில் முடிந்தன. அந்த வட்டம் திடீரென்று இருண்டது. யன்னலை ஏதோ மறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அது இமைத்தது. மறுமுனையில் அங்கிள் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கே, தம்பி?"

"வடிவா இருக்கு அங்கிள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அவர் நிமிர்ந்தார். "போல்டை எங்கையோ மாறி வைச்சிட்டன். நான் அப்பிடி வைக்கிற ஆள் இல்லை. வேற ஒண்டு போடுவமே?"

எண் சோடியைப் பற்றிச் சொன்னேன். வேறு போல்ட் போட்டால் இந்தத் துவக்கு இந்தத் துவக்காக இருக்காது என்றேன். களவு போயிருந்தால் என்றைக்காவது ஒருநாள் ஏதாவது கடைக்கு வரும், விசாரிக்கிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். எண் பிசகிய துவக்கை வைத்திருக்கிற மனிதர் இல்லை அவர். பார்க்காமலே தன் எண்ணை ஒப்புவித்தார். அவருடைய வயிறு லாச்சியின் கைபிடியில் முட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் கைபிடி மெல்ல ஆடியது. துவக்கை உறைக்குள் இட்டு, வாசலில் நின்று திரும்பினார்.

"ஆறுதலாத் தேடும். அது கிடைச்சாப்பிறகு எனக்கு வேற வேலை ஒண்டுமில்லை."

மரை

அதன்பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். "கிடைச்சுதே?" என்பார். "இல்லை அங்கிள்" என்பேன். கென் கொடுக்கிற தேநீரைக் குடிப்பார், போவார். சில சனிக்கிழமைகளில் துவக்கையும் கொண்டுவருவார். காசு கேட்காமல் அதைத் துடைத்துக் கொடுப்பேன்.

மழை பெய்த ஒருநாள், போகாமல் இருந்து கதைத்தார். மெல்பனுக்குக் கிழக்கே கிப்ஸ்லாந்து மலைக்காடுகளில் மரை என்கிற பெரிய மான் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேற்றி வந்து விட்டவை பெருகிப்போனவை. "எங்களுக்கு முதல் வந்து குடியேறினது அதுகள்தான். விசாவுக்குப் பொயின்ட்ஸும் கேக்கேல்லை, இங்கிலீஷ் சோதினையும் வைக்கேல்லை" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். ரமணன் போன அந்த வார இறுதியில் அவர் அந்த மலையில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரமே வீட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. திரும்பாவிட்டால் சனி விடியத் தானும் வருவதாக ரமணன் சொல்லியிருந்தான்.

வெள்ளி மத்தியானம், பன்னச் செடிகள் அடர்ந்த பள்ளத்தில் ஒரு ஆண் மரை எதிரே வந்து நின்றது. அவ்வளவு கிட்டத்தில் மரை நிற்காது. நின்றது. அவர் துவக்கை உயர்த்தவில்லை. அது அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார். இருட்டும்வரை இரண்டு பேரும் போகவில்லை. கூடாரத்தில் படுத்துவிட்டு, விடிய மறுபடியும் அங்கே போனார். அதே இடத்தில், முதல்நாள் விட்டுவந்த மாதிரியே நின்றது. ஆனால் அன்றைக்கு அது அவரைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, கீழே தார் றோட்டு இருக்கிற பக்கம் பார்த்து ஒருமுறை கத்தியது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது. ரமணனின் கார் மலை வளைவில் உருண்டதை அவர் இறங்கி வந்த பிறகுதான் அறிந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அது வெள்ளிக்கிழமை ஓடியிருந்தா நானும் வீட்டை வந்திருப்பன், தம்பி. அவனும் வெளிக்கிட்டிருக்கமாட்டான்."

மணிக்கூடு

தொண்ணூற்று மூன்றில் ஒரு பகல், அன்ரி கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிள் ரோசாப் பாத்திகளைக் கிண்டிவிட்டாராம். அரிசி மூட்டையைக் குசினித் தரையில் கொட்டி, குந்தியிருந்து விரல்களால் அளைந்து பார்த்தாராம். தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று தானே சொல்லிக்கொள்கிறாராம். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு மணிக்கூடு வரையச் சொன்னார்களாம். அங்கிள் அளவுகோலும் கவராயமும் கேட்டாராம். அவை இல்லாமலே, நிமிடக் கோடுகள் ஒன்றும் தவறாமல் வரைந்து, கீழே வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தாராம். டொக்டர் மறதியே இல்லை என்றுவிட்டார். ஆனாலும் இரவெல்லாம் அலுமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறதாம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. போல்டைத் திருப்பித் தரவேண்டாம், எடுத்தது நாங்கள்தான் என்றாவது சொல்லிவிடுவோம் என்றேன். ஒரு மனிதரைத் தன் மூளையையே நம்பாமல் ஆக்குவது பெரிய கொடுமை என்றேன்.  மறுபக்கத்தில் எங்கோ ஒரு அலுமாரிக் கதவைச் சாத்துவது எனக்குக் கேட்டது. பிறகு அன்ரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மறதிக்காரனா எண்டாலும் வீட்டுக்கை நடந்து திரியட்டும் தம்பி. நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்பிடுறீங்கள், நான் அது நிண்டிடுமோ எண்டு பயப்பிடுறன்."

ஆபத்தில்லாதது

ஒருவன் ஒரே நாளில் முப்பத்தைந்து பேரைச் சுட்டுக்கொன்ற பிறகு, தொண்ணூற்றாறில் சட்டம் மாறியது. தானாகத் தோட்டா ஏறுகிற வகைகளை அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. எங்கள் பகுதியில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். உதவிக்குக் கெனையும் என்னையும் கூப்பிட்டார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசைகள்.  வரிசையில் நின்ற சிலர் தங்கள் துவக்கைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் இரும்பை நசுக்குகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வரிசையில் எல்லோருடைய தோளும் ஒன்றாகக் கொஞ்சம் இறங்கியது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வரிசையில் அங்கிளைக் கண்டேன். தோளில் உறை. கோயிலுக்கு உடுத்துகிற கோட்டை உடுத்தியிருந்தார். அவருடைய துவக்கு, தடை செய்யப்பட்ட வகை அல்ல என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் வந்திருந்தார். தானாகவே கொடுத்துவிடப்போகிறார், இனிப் பொய் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நான் அந்த மேசைக்குப் போவதற்குள், அங்கே இருந்த இளம் அதிகாரி உறையைத் திறந்து பார்த்து, மரத்தைத் தடவி, ஏதோ சொல்லிச் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அங்கிள் என்னைக் கடந்து வாசலுக்கு நடந்தார். முகம் வெறுமையாக இருந்தது.

"எடுக்கமாட்டினமாம் தம்பி. வடிவான சாமானாம், இதால ஒருத்தருக்கும் ஆபத்தில்லையாம்."

சிட்னியிலிருந்து

கெனுக்கு என்மேல் நெடுநாள் கோபம். "அந்தக் கிழவர் வந்து வந்து போகிறார். நீ தேடினால் கடலில் தண்ணீர்கூடக் கிடைக்காது" என்பார். தொண்ணூற்றெட்டில் சேகரிப்பாளர்கள் கூடுகிற ஒரு சந்தைக்காகச் சிட்னிக்குப் போனவர், அதே தொழிற்சாலையில் செய்த, அதே வகைப் போல்ட் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை அங்கிள் துவக்கோடு வந்ததும், மந்திரவாதி போலத் துணியை விலக்கிக் காட்டினார். எண் வேறுதான், ஆனால் இதைவிட நல்லது கிடைக்காது என்றார். நான் அளந்து பார்க்கவேண்டும் என்று குறுக்கே போனேன். "தள்ளு" என்று தானே அளவுக் கட்டைகளை வைத்துப் பார்த்தார். மயிரிழையும் பிசகவில்லை. பிறகு அதை அங்கிளின் கையில் கொடுத்தார்.

அங்கிள் போல்டை உள்ளே தள்ளிக் கைபிடியைக் கீழே இறக்கினார். நல்ல துவக்கு மூடுவது சத்தம் என்று சொல்லமுடியாத ஒன்று. பக்கத்து வீட்டில் யாரோ கதவை மெல்லச் சாத்துவதுபோல இருக்கும். அது எனக்குக் கேட்டது. சுவரில் நின்ற துவக்குகளும் கேட்டுக்கொண்டு நின்றன என்று தோன்றியது. அங்கிள் கண்களை மூடியிருந்தார். விரல்கள் மட்டும் மரத்தின்மேல் நகர்ந்தன.  அன்ரியைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும், கெனிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், துவக்கைப் பிடுங்கவேண்டும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

அவர் கைபிடியை உயர்த்தினார். போல்டை உருவினார். துணியில் துடைத்து, கெனின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "எண் வேறு. எனக்கு வேண்டாம். மிக்க நன்றி, கென்" என்றார் ஆங்கிலத்தில். "பொருந்துகிறதே! கையுறை மாதிரிப் பொருந்துகிறதே!" என்று கென் கத்தினார். பிறகு, சேகரிக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே வைத்தியசாலையில் அடைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் பின்னறைக்குப் போனார்.

அங்கிள் மேசைக்கு வந்து லாச்சியின்மேல் கையை வைத்தார்.

"என்ர இதுக்குள்ளைதானே இருக்கு?"

என் முகத்தில் அப்போதும் ஒன்றும் தெரியாமல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"எப்ப தெரியும், அங்கிள்?"

"அண்டைக்கே தெரியும். மத்தியானம் சோறு போடேக்கை அவவின்ர கையில துவக்கெண்ணெய் மணத்தது. பிறகு இங்கை வந்தா, நீர் இந்த லாச்சியை மட்டும் ஒருக்காலும் திறக்கேல்லை."

"அப்ப ஏன் ரோசாப் பாத்தியைக் கிண்டினீங்கள்?"

"அவ யன்னலால பாத்துக்கொண்டு நிண்டவ. நான் தேடாட்டிப் பயந்துபோவா."

பின்னறையில் கேத்தல் கூவத் தொடங்கியது. இவ்வளவு காலமும் ஏன் மாதாமாதம் வந்து கேட்டீர்கள் என்று கேட்டேன். அவர் துவக்கை உறைக்குள் இட்டு, வாரை இழுத்து மாட்டினார். அவர் அவசரப்படவில்லை.

"நான் கேக்கவேணும், நீர் இல்லையெண்ணவேணும். அப்பத்தான் அடுத்த மாதம் எண்டு ஒண்டு வரும். போட்டு வாறன். தப்பித்தவறிக் கண்டுபிடிச்சுப் போடாதையும், என்ன?"

இரண்டாயிரத்தொன்பதில் கென் கடையை மூடும்வரை மாதத்துக்கு ஒருமுறை "இல்லை அங்கிள்" என்று சொன்னதுதான், இந்தத் தொழிலில் நான் ஒருதரமும் பிசகாமல் செய்துமுடித்த வேலை.